அப்பாவுக்கு ஒரு கோழி

இதை நான் பார்க்கவில்லை, கேட்டேன். அதுவும் யாருக்கு நடந்ததோ அவளிடமிருந்து இல்லை. அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த ரூபாவதியிடமிருந்து. நாங்கள் மூவரும் துரைப்பாக்கத்தில் ஒரே நிறுவனம். ஸ்பெயினிலும் மெக்சிகோவிலும் செல்போனில் சாப்பாடு வரவழைத்துவிட்டு, வரவில்லை, ஆறிவிட்டது, வேறு எதையோ அனுப்பிவிட்டார்கள் என்று கோபப்படுகிறவர்களுக்குப் பதில் சொல்கிற வேலை. அது நிரந்தரமாக ஸ்பானிஷ் வாய்மொழித் தேர்வில் தேற வேண்டும். நான் வேறு மாடி. ரூபாவதியும் நானும் ஒரே பேருந்தில் திரும்புவோம். ஒருநாள் மழையில் பேருந்து நகரவே இல்லை, அப்போது சொன்னாள். மொத்தம் இருபது நிமிஷம் சொல்லியிருப்பாள். வெளியே நடந்ததெல்லாம் அவள் சொன்னபடியே எழுதியிருக்கிறேன். உள்ளே நடந்தது நான் எழுதியது. எங்கள் வீட்டிலும் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவன் நான்தான் என்பதால் அந்த ‘உள்ளே’ எனக்குக் கொஞ்சம் தெரியும் என்று நினைக்கிறேன். தவறாக இருந்தால் அது என் தவறு, முப்பிடாதியுடையது இல்லை. இனி வருகிற ‘நான்’ அவள்.

நாற்காலி ஆடுகிறது. ஒரு காலுக்கு ரப்பர் இல்லை. ஆடாமல் உட்கார்ந்திருந்தால் உள்ளே போகும்போது நாக்கு தடுமாறாது என்று பத்து நிமிஷத்துக்கு முன்னால் எனக்குள் யார் ஒப்பந்தம் போட்டார்கள் என்று தெரியவில்லை, ஆனால் போட்டாகிவிட்டது, அதனால் தொடை இறுகிப்போய் உட்கார்ந்திருக்கிறேன். தெசாயுனோ, காலைச் சாப்பாடு. கோமிதா, மதியம். சேனா, ராத்திரி. தெசாயுனோவுக்கு நான் என்ன சாப்பிடுகிறேன்? புத்தகத்தில் இருக்கிற பெண் வாட்டிய ரொட்டியும் ஜாமும் ஆரஞ்சுச் சாறும் சாப்பிடுகிறாள், தினமும் சாப்பிடுகிறாள், பன்னிரண்டு பக்கமும் அதே ஆரஞ்சுச் சாறு, அவளுக்கு அலுக்கவே இல்லை. அதை அப்படியே சொல்லிவிட்டு வரலாம். எல்லோரும் அப்படித்தான் சொல்லிவிட்டு வருகிறார்கள். போன தடவை நானும் அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன், திறந்தவுடன் ஹாஸ்டல் உப்புமா கண் முன்னால் வந்து நின்றுவிட்டது, கட்டியாக, ஓரத்தில் தண்ணீர் விட்டுக்கொண்டு. அதற்கு ஸ்பானிஷில் என்ன என்று தேடினேன். இல்லை. ரவைக்கு என்ன? தெரியாது. தேடிக்கொண்டிருக்கும்போதே திரையில் இருந்த அம்மாள் கையைக் கடிகாரத்தின் மேல் வைத்துவிட்டாள். பன்னிரண்டு மார்க். இருபதுக்குப் பதினாலு வேண்டும். இரண்டு வாய்ப்புதான் என்று வேலைக்கு எடுத்த கடிதத்திலேயே போட்டிருக்கிறது, இது இரண்டாவது, இதிலும் பதினாலு வராவிட்டால் பயிற்சியோடு சரி, பெட்டியைக் கட்டிக்கொண்டு புளியங்குடிக்குப் போகலாம். ஒரு ஆரஞ்சுச் சாறு சொல்லத் தெரியாமல் போகலாம். பொய் சொல்லத் தெரியாதா எனக்கு? தெரியும். ஹாஸ்டலில் சாப்பிட்டேன் என்று தினமும் அம்மாவிடம் சொல்கிறேன். ஆனால் எதிரே ஒருவர் உட்கார்ந்து கேள்வி கேட்டு, நான் சொல்வதை ஒரு தாளில் எழுதிக்கொண்டால் என்னால் முடியாது. அப்படியே பழகிவிட்டது. முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்கப் போனபோது வீட்டில் வேறு யாரும் டிகிரி இல்லை, இது உண்மை, பொய்யென்றால் சலுகை ரத்து என்று அப்பா கையெழுத்துப் போட்டார், போட்டுவிட்டு வெளியே வந்து, “சித்தப்பா மவன் ஐடிஐ படிச்சிருக்கானே, அது டிகிரி இல்லல்லா?” என்று நாலு தடவை என்னிடம் கேட்டார். இல்லப்பா. உறுதியாத் தெரியுமா? தெரியும்ப்பா. வீடு போகிற வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தார். தாளில் எழுதப்படுகிற இடத்தில் உண்மையைச் சொல்லாவிட்டால் பிடுங்கிவிடுவார்கள். யார் என்று தெரியாது, ஆனால் பிடுங்கிவிடுவார்கள்.

கதவு திறந்து ரூபாவதி வெளியே வருகிறாள். சிரித்துக்கொண்டே வருகிறாள், அவள் எப்போதும் அப்படித்தான், பிடுங்குவதற்கு ஆள் வந்தால்கூட சிரித்துக்கொண்டே கொடுத்துவிடுவாள், வியாசர்பாடிக்காரி. “செம ஈஸிடி. கேள்வி கேக்குற அந்த எலெனா மேடம் நல்ல மாதிரி. கடைசில ஓட்டல் கார்டு.” “என்ன கார்டு?” “அவங்க சர்வராம், நீ கஸ்டமராம். நீயும் இன்னொருத்தரும் ஓட்டலுக்குப் போறீங்க, ரெண்டு பேருக்கும் சேத்து நீதான் ஆர்டர் பண்ணணும். எனக்கு ஃப்ரெண்டுகூட வந்துச்சு. சுரேகாவுக்கு அப்பாகூட. பாவம், அவ அவங்கப்பாவுக்கு வெறும் ஐஸ்கிரீம் சொல்லிட்டு எழுந்து வந்துட்டா.” “மெனுல என்ன இருக்கு?” “மொதல்ல சூப், சாலட். ரெண்டாவது கோழி, மீன், மாடு. அப்புறம் ஸ்வீட். மூணுலயும் ஒண்ணு ஒண்ணு சொல்லணும், இல்லன்னா மார்க்கு கட்டுன்னு நெனைக்கிறேன்.” “ரெண்டாவதுல காய்கறி எதுவும் இல்லையா?” “இல்லயே. ஏன், நீ வெஜ்ஜா?” “நான் இல்ல. அப்பா.” “அட லூசு, உங்கப்பா எங்கடி வரப்போறாரு? கேமராவுக்குப் பின்னாடி ஒக்காந்திருக்காரா?” நானும் சிரித்தேன். சிரித்ததில் நாற்காலி ஆடிவிட்டது. ஆடிவிட்டது. சரி, இது கணக்கில்லை, சிரிப்பில் ஆடினால் கணக்கில்லை.

அப்பா கார்டு வராது. மூன்றோ நாலோ கார்டு இருக்கும். எனக்கு ஏன் அப்பா வர வேண்டும்? வரும். எனக்குத் தெரியும், அதுதான் வரும். ஏன் வரும் என்றால் எனக்கு வரக்கூடாது என்பதால். அப்பா சைவம் என்று ரூபாவதியிடம் சொல்லவில்லை, ‘நான் இல்ல, அப்பா’ என்று மட்டும்தான் சொன்னேன், ஆனால் அவள் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருப்பாள். அது பொய்யாகிவிட்டதே. கூப்பிட்டுத் திருத்தலாமா? அப்பா சைவம் இல்லை ரூபா, அப்பா அசைவம், சாப்பிடாத அசைவம். பரோட்டா மாஸ்டர் எப்படிச் சைவமாக இருக்க முடியும்? புளியங்குடி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்த்தாற்போல் காஜா பாய் கடையில் பத்தொன்பது வருஷமாகக் கல்லில் நிற்கிறார். மூன்று மணிக்குக் கோழிச் சால்னா இறங்கிவிடும், நாலரைக்குக் கூட்டம் வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை மதியம் கடைக்குப் போவதற்கு முன்னால் வீட்டில் கோழி. கழுத்து அப்பாவுக்கு. வேறு யாரும் கேட்க மாட்டோம், அது சட்டம். கழுத்தெலும்பை அவர் சாப்பிடுவதைப் பார்க்க வேண்டும், கணுக்கணுவாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் உறிஞ்சி, தட்டின் ஓரத்தில் வரிசையாக வைப்பார், வெள்ளையாக, கழுவியதுபோல. அதை ஒரு மனுஷன் விட்டார். நான் கல்லூரியில் சேர்ந்த வெள்ளிக்கிழமை. என் பெயர் வைத்திருக்கிற அம்மன் முன்னால், இல்லை, அம்மன் பெயரை வைத்திருக்கிற என்னைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, சூடம் எரிந்துகொண்டிருக்கும்போது, பூசாரி முன்னால், நாலு பேர் கேட்க, “எம் மவ படிச்சு முடிச்சு நிரந்தரமா ஒரு வேலையில ஒக்காருத வரைக்கும் நான் கவுச்சி தொட மாட்டேன் தாயே” என்று சொன்னார். நான் கையில் எலுமிச்சம்பழத்தோடு நின்றேன். யாரைக் கேட்டுச் சொன்னார்? என்னைக் கேட்டாரா? ஆறு வருஷம். நான் ஒரு அரியர் வைத்தபோது அதுவும் அவர் தட்டில்தான் போய் விழுந்தது. இரண்டு வருஷம் வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்தபோது ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ரசம் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் கடைக்குப் போனார். ஒன்றும் சொல்லாததுதான். திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன். இங்கே சேர்ந்தவுடன் போன் பண்ணி, “அப்பா வேல கெடச்சிட்டு, இனி நீங்க சாப்புடலாம்” என்றேன். “அது டிரைனிங்குல்லா பிள்ள. நிரந்தரம்னு சொல்லிருக்கேன். ஆத்தாகிட்ட வார்த்தைய மாத்தக் கூடாது” என்றார். தெருவில் எல்லோரும், பிள்ளைக்காக வாயைக் கட்டியிருக்காரு என்று சொல்கிறார்கள். அதைக் கேட்டால் அவர் முகத்தில் ஒன்று வரும். சந்தோஷம் என்று சொல்ல முடியாது, ஆனால் அதற்குப் பக்கத்தில் இருக்கிற ஏதோ ஒன்று. அது எனக்குப் பிடிக்காது. நோ மே குஸ்தா. இதைச் சொல்ல மட்டும் எனக்கு யோசிக்கவே வேண்டியதில்லை.

ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, கீழே யாரோ ஒரு பக்கெட் வைத்திருக்கிறார்கள், அதன் மேல் கம்பெனி முத்திரை. அடுத்த சொட்டு விழுவதற்குள் எண்களைச் சொல்லிவிட்டால், ஊனோ தோஸ் த்ரேஸ், விழுந்துவிட்டது. நோ மே குஸ்தா. இந்த ஒரு பாடம் மட்டும் எனக்கு உடனே வந்தது. கான்வென்ட்டில் படித்த பிள்ளைகள் எல்லாம் இங்கிலீஷில் யோசித்து, நான் கோழியைப் பிடிக்கிறேன் என்கிற மாதிரி சொல்லி மாட்டிக்கொண்டார்கள், எனக்குக் கோழி பிடிக்கும் என்று நம்மூரில் சொல்கிற மாதிரிதான் ஸ்பெயின்காரர்களும் சொல்கிறார்கள், அன்றைக்கு ஒருநாள் வகுப்பில் நான் முதல் ஆள். அன்றைக்கு வகுப்பு எடுக்கிற மேடம், “முப்பி, உனக்குக் கோழி பிடிக்குமா?” என்று ஸ்பானிஷில் கேட்டார், எனக்கே தெரியவில்லை. அப்பா விட்ட பிறகும் அம்மா எனக்கும் தம்பிக்கும் கோழி எடுத்துக்கொண்டுதான் இருந்தாள், அப்பாதான், “பிள்ளேளுக்கு எடு, படிக்குத பிள்ள” என்று அனுப்புவார். நாங்கள் சாப்பிட அவர் எதிரே ரசம் சாப்பிடுவார். இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை எனக்கு இறங்கவில்லை. “எனக்குப் பிடிக்கலம்மா” என்றேன். “நேத்து வரைக்கும் பிடிச்சுதே?” “இப்பப் பிடிக்கல.” அப்படியே ஆறு வருஷம் பிடிக்காமல் இருக்கிறேன். நான் எதையும் விடவில்லை, சாமியிடம் ஒன்றும் சொல்லவில்லை, பொய்தான் சொன்னேன், ஆனால் ஆறு வருஷம் சொன்ன பொய் இப்போது பொய்யா என்று தெரியவில்லை. ஹாஸ்டலில் புதன்கிழமை கோழிக் குழம்பு வாசம் வந்தால் வாயில் தண்ணீர் ஊறுகிறது, கை தானாக மூக்கைப் பொத்துகிறது, இரண்டும் ஒரே நேரத்தில். இதை எலெனா மேடத்திடம் எப்படிச் சொல்வது? ஒரு வளைவு சுளிவுகூட இல்லாத நேரான கேள்வி. பிடிக்குமா பிடிக்காதா. ஆமாம், இல்லை. இரண்டு மார்க்.

உப்பு. அதுதான் என்னைத் தூங்கவிடாதது. கழுத்தெலும்பைக்கூட விட்டுவிடலாம், கழுத்தெலும்பு இல்லாமல் மனுஷன் வாழலாம், ஆனால் சால்னா போடுகிறவன் உப்புப் பார்க்காமல் எப்படிச் சால்னா போட முடியும்? கல்லூரியில் முதல் லீவுக்குப் போனபோது கடைக்குப் போயிருந்தேன். சால்னா கொதிக்கிறது. அப்பா கரண்டியை விட்டுக் கலக்கி, எடுத்து, கரண்டியை நீட்டிக்கொண்டு, “மொதலாளி, உப்புப் பாருங்க” என்று கூப்பிட்டார். காஜா பாய் கல்லாவிலிருந்து எழுந்து வந்தார், உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கினார், “கொஞ்சம் தூக்கலா இருக்கு” என்றார். அப்பா ஒரு செம்பு தண்ணீரை எடுத்து ஊற்றினார். பத்து வருஷத்துக்கு மேல் தானே பார்த்துப் போட்டவர். அதற்கு முன்னால் அவருக்குத் தூக்கலாக ஆனதாக நான் கேட்டதே இல்லை. அப்புறம் எப்போது போனாலும் அதே கரண்டி, அதே, மொதலாளி உப்புப் பாருங்க. எத்தனை நாள் ஒரு முதலாளி எழுந்து எழுந்து வருவார்? நாக்கு தெரிந்த இன்னொரு மாஸ்டர் கிடைக்கமாட்டாரா? தென்காசியில், சங்கரன்கோவிலில், வாசுதேவநல்லூரில், எத்தனை மாஸ்டர். ஒருநாள் காஜா பாய் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்து உப்பு இரண்டு மடங்காகிவிடும், யாரோ ஒரு ஆள் இலையைத் தள்ளிவிட்டு எழுந்து கத்துவார், அப்பா தோளில் கிடக்கிற துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு நிற்பார். இது நடக்கவில்லை. நடக்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த ஆளுக்கு மீசைகூட இருக்கிறது எனக்கு. பதினாலு மார்க் எடுத்தால் மூன்று மாதத்தில் நிரந்தரம். நிரந்தரமானால் நாக்கை அவரிடம் திருப்பிக் கொடுத்துவிடலாம். பதிமூன்று எடுத்தால் இல்லை. அவ்வளவுதான், வேறு ஒன்றும் இல்லை. ஆர்டர் பண்ண வேண்டும். தெ செகுந்தோ, இரண்டாவதாக, பாரா மி பாத்ரே, என் அப்பாவுக்கு. கோழி, மீன், மாடு. மூன்றும் கவுச்சி. ரிசல்ட் வருவதற்கு முன்னால், நிரந்தரத்துக்கு முன்னால், நானே, என் வாயால், அப்பாவுக்கு ஒரு கோழி சொல்ல வேண்டும். சும்மா பேச்சுக்குத்தான். தட்டு இல்லை, ஓட்டல் இல்லை, கோழி இல்லை. அம்மனுக்கு ஸ்பானிஷ் தெரியாது. தெரியாதா? நான் மனசுக்குள் வேண்டுவதெல்லாம் தெரிகிறது என்றால் மொழியா தெரியாது? அப்புறம் இது வேண்டுதலை உடைத்த மாதிரி ஆகி, உடைத்ததாலேயே பதினாலு வராமல் போய், பதினாலு வராததால் நிரந்தரம் வராமல். சொல்லாவிட்டால் மார்க் கட்டு, சொன்னால் சாமி கட்டு. என்ன மாதிரி பரீட்சை இது. நான் பி.காம் படித்தவள். புள்ளியியலில் எழுபத்தெட்டு. இப்படி உட்கார்ந்து யோசிப்பதே அசிங்கமாக இருக்கிறது, யாராவது உள்ளே எட்டிப் பார்த்தால் சிரிப்பார்கள், ஆனாலும் கால் ஆடாமல்தான் இருக்கிறது.

போன் அதிர்கிறது. அப்பா. ரூபாவதி எட்டிப் பார்த்து, “பாரு, வந்துட்டாரு” என்கிறாள்.

“என்ன பிள்ள, முடிஞ்சா?”

“இன்னும் கூப்பிடலப்பா.”

“சாப்டியா?”

“ஆச்சு.”

“என்னத்தப் பத்திக் கேக்காவ?”

“சாப்பாட்டப் பத்திப்பா.”

“சாப்பாட்டப் பத்தியா!” சிரிக்கிறார், பின்னால் மாவு அடிக்கிற சத்தம் நின்று திரும்ப ஆரம்பிக்கிறது. “அதுக்கா ஏழு மாசமா பயந்துகிட்டு கெடக்க? அந்தம்மாவ நம்ம கடைக்கு வரச் சொல்லு. நாலு போட்டுத் தாரேன்.”

“அப்பா.”

“சொல்லு.”

கேட்க வேண்டியது ஒரே வரிதான். சும்மா பேச்சுக்கு ஒரு கோழி சொல்லலாமாப்பா? அவர் ஒன்று சிரிப்பார், அல்லது பேச்சை நிறுத்திவிடுவார். நிறுத்திவிட்டால் அதற்கப்புறம் நான் உள்ளே போய் என்ன பேசுவேன்? அவர் யோசிக்க ஆரம்பித்துவிட்டால், மாவைப் போட்டுவிட்டு யோசிப்பார், இது சரியா தப்பா என்று காஜா பாயைக் கேட்பார், பூசாரியைக் கேட்பார், சாயங்காலம் வரைக்கும் கேட்பார். “ஒண்ணுமில்லப்பா.” “பயப்படாத பிள்ள. வைக்கேன், மாவு காயுது.” வைத்துவிட்டார். காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை. ஆச்சு என்று சொன்னேன். இந்தப் புத்தகத்தில் யாரும் யாரையும் சாப்டியா என்று கேட்பதில்லை. எப்படி இருக்கிறாய் என்று கேட்கிறார்கள், நலம் என்கிறார்கள், நேராக மெனுவைக் கையில் எடுத்துவிடுகிறார்கள். யாருக்கும் ஒன்றும் தடை இல்லை. விரும்புகிறேன், விரும்பவில்லை, எனக்கு இது, அவருக்கு அது, நன்றி, பில். பிடிக்கும் என்றால் சாப்பிடுகிறார்கள், பிடிக்காது என்றால் சாப்பிடவில்லை, நடுவில் ஒரு ஆள்கூட இல்லை. அப்பா சைவம் என்று சொல்லிவிடலாமா? வெகெதாரியானோ. அந்த வார்த்தை புத்தகத்தில் இருக்கிறது, பதினேழாம் பக்கம். ஆனால் அது வேறு ஆட்கள். வேளச்சேரியில் வீடு பார்க்கப் போனபோது, “நீங்க வெஜ்ஜா?” என்று கேட்டுவிட்டுக் கதவைப் பாதி சாத்திக்கொண்டே நின்ற வீட்டுக்கார அம்மா. அந்த வரிசையில் கொண்டுபோய் அப்பாவை நிறுத்த முடியாது, அவருக்கே பிடிக்காது. ஒன்றும் வேண்டாம், பசி இல்லை என்று சொல்லலாம், நாதா, ஒன்றுமில்லை. அப்பாவுக்கு நாதா. அதை நினைத்தால்தான் எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது. ஓட்டலுக்குக் கூட்டிக்கொண்டு போய், மேசை போட்டு, எதிரே உட்காரவைத்து, நான் சாப்பிட, அவர் பார்த்துக்கொண்டிருக்க, அங்கேயுமா? ஸ்பெயினிலுமா? ஒரு பொய் ஓட்டலில்கூட இந்த மனுஷனை உட்காரவைத்துச் சாப்பாடு போட முடியாதா எனக்கு?

“எஸ். முப்பிடாதி.” கதவிலிருந்து கூப்பிடுகிறார்கள். எழுந்தேன், நாற்காலி ஆடியது, ரூபாவதி என் துப்பட்டாவை இழுத்து விட்டாள். “போடி. சாப்பாடுதானே கேக்கப்போறாங்க.”

அறை குளிர்கிறது. திரையில் எலெனா மேடம், பின்னால் மஞ்சள் சுவர், அங்கே விடியற்காலையாக இருக்க வேண்டும், கையில் ஒரு கோப்பை வைத்திருக்கிறார். ஓலா, வணக்கம். ஓலா. காலையில் என்ன சாப்பிடுவாய்? உப்புமா என்றேன். அப்படியே, உப்புமா. அவர் புருவத்தைத் தூக்கினார். அது சூடு, அது வெள்ளை, அதில் வெங்காயம் இருக்கிறது, எனக்குப் பிடிக்காது, தினமும் சாப்பிடுகிறேன் என்றேன், ஒவ்வொன்றும் மூன்று வார்த்தை. எலெனா சிரித்து எழுதினார். எழுதுகிறார், எழுதட்டும், எல்லாம் உண்மை. கோழி பிடிக்குமா? கேட்டுவிட்டார். “நோ ஸே” என்றேன், தெரியாது, அதையும் எழுதினார், எவ்வளவு மார்க் என்று தெரியவில்லை. அப்புறம் திரையில் கார்டு வந்தது. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒன்றில் ஒரு பெண், ஒன்றில் வழுக்கையும் கண்ணாடியுமாக ஒரு ஆள், அடியில் பாத்ரே என்று எழுதியிருந்தது. வரும் என்று தெரியும். வந்துவிட்டது. அந்த ஆள் அப்பா மாதிரி இல்லை, ஒல்லியாக, கழுத்தில் டை, ஆனால் நான் பார்க்கப் பார்க்க அவர் டையைக் கழற்றிவிட்டுத் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டார். எலெனா சர்வராகிக் குரலை மாற்றினார். எனக்கு என்ன வேண்டும்? சூப், மீன். அப்பாவுக்கு? சூப். நல்லது, இரண்டாவதாக, தெ செகுந்தோ, உங்கள் அப்பாவுக்கு? என் வாய் திறந்திருக்கிறது. எலெனா காத்திருக்கிறார், பென்சில் காதுக்குப் பக்கத்தில் நிற்கிறது. நாதா என்று சொல்லி எழுந்துவிடு. இரண்டு மார்க் போகட்டும், சாமி குற்றம் இல்லை. இரண்டு மார்க் போனால் பதினாலு வருமா? நோ ஸே-க்கு எவ்வளவு போட்டாரோ. அந்தத் துண்டுக்காரர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருக்கிறார், ஓட்டலில் உட்கார்ந்து பழக்கமில்லை, எப்போதும் நின்று பார்த்த மேசைகள், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்திருக்கிறார், மெனு அட்டையைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார், என்னைப் பார்க்கிறார், நீயே சொல்லு பிள்ள, படிச்ச பிள்ள நீயே சொல்லு. கழுத்து என்று எப்படிச் சொல்வது? தெரியாது. தெரியாத வார்த்தையை விடு. தாயே, இது நான் சொல்வது. அவர் சொல்லவில்லை. எழுதிக்கொள், என் பெயரில் எழுதிக்கொள், அவர் ஒன்றும் கேட்கவில்லை, நான்தான் கேட்கிறேன், ஆறு வருஷமாக ஒருத்தரும் என்னைக் கேட்கவில்லை, இப்போது இந்த அம்மா கேட்கிறாள், மஞ்சள் சுவருக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, உங்கள் அப்பாவுக்கு என்ன வேண்டும் என்று மரியாதையாகக் கேட்கிறாள். “போயோ” என்றேன். கோழி. “பாரா மி பாத்ரே, போயோ.” சத்தமாக வந்துவிட்டது. எலெனா எழுதிக்கொண்டு, “அல்கோ மாஸ்?” என்றார், வேறு ஏதாவது? ஐஸ்கிரீம் என்று சொல்ல வேண்டிய இடம், எல்லோரும் அங்கே ஐஸ்கிரீம்தான் சொன்னார்கள். “மாஸ் போயோ” என்றேன். இன்னும் கோழி. எலெனா சர்வரை மறந்து சிரித்துவிட்டார், உங்கள் அப்பாவுக்கு நல்ல பசிபோல என்றார். “ஸீ,” என்றேன், ஆமாம். கண் எரிகிறது, ஏசிதான். “செய்ஸ் அன்யோஸ்.” ஆறு வருஷம். எலெனாவின் பென்சில் அசையவில்லை. அப்புறம் சிரிக்காமல், மெதுவாக, “முய் பியென்” என்றார். மிக நல்லது. அதை எழுதினாரா என்று தெரியவில்லை.

வெளியே வந்த முப்பிடாதி ரூபாவதியிடம், “அப்பாவுக்கு ரெண்டு கோழி சொல்லிட்டேண்டி” என்று சொல்லிவிட்டு அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து அழுதாள். சாயங்காலம் நாலு மணிக்குப் பட்டியல் வந்தது. பதினைந்து. நிரந்தரக் கடிதம் தை மாதம் வந்தது, அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் ஊருக்குப் போய்க் கோழி எடுத்து, கழுத்தை அப்பாவுக்கு வைத்தாள். அவளும் ஒரு துண்டு சாப்பிட்டாள் என்று ரூபாவதி சொன்னாள். பிடித்திருந்ததா என்று ரூபாவதி கேட்கவில்லை. பேருந்து நகர ஆரம்பித்துவிட்டது.

எனக்கு ரூபாவதி சொன்னதில் அந்த உப்பு மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. ஆறு வருஷம் உப்புப் பார்க்காமல் ஒருவர் சால்னா போட்டார் என்பதை அப்படியே எழுத எனக்கு மனம் வரவில்லை. ஆனி மாதம் குற்றாலம் போகும் வழியில் புளியங்குடியில் இறங்கி அந்தக் கடையில் இரண்டு பரோட்டா சாப்பிட்டேன். கல்லில் முப்பிடாதியின் அப்பா நின்றார். நான் யார் என்று சொல்லிக்கொள்ளவில்லை. கை கழுவிவிட்டுக் கல்லாவில் இருந்த காஜா பாயிடம், சால்னாவுக்கு யார் உப்புப் பார்ப்பது என்று கேட்டேன். “மாஸ்டர்தான் தம்பி. வேற யாரு?” என்றார். எப்போதிலிருந்து என்று கேட்டேன். “எப்பவுமே அவருதான். நடுவுல ஒரு ஆறு வருசம் வேண்டுதல்னு கவுச்சி தொடல. அப்பவும் நாக்குல வச்சுப் பாத்துட்டு, கொழாயடியில துப்பி வாயக் கொப்பளிச்சிட்டு வருவாரு. தொண்டைக்குக் கீழ ஒரு சொட்டு போனதில்ல, அத நான் சத்தியமாச் சொல்லுவேன்.” அப்படியென்றால் உங்களைக் கூப்பிட்டு உப்புப் பார்க்கச் சொன்னதே இல்லையா என்று கேட்டேன். அவர் கல்லின் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “மவ லீவுக்கு வந்து கடையில நிப்பால்லா, அன்னைக்கு மட்டும் கூப்பிடுவாரு.”